தனுவின் இடம்

கொழும்புத்துறை,
02.03.2025

அன்புள்ள பெறாமகள் நிவேதனாவுக்கு,

சித்தி எழுதுவது. இங்கே எல்லோரும் ஒரு குறையுமில்லாமல் இருக்கிறோம். நீ சுகமாய்க் கொழும்பு போய்ச் சேர்ந்ததாக அக்கா வந்து சொன்னா. "லைனிலை நிக்கிறாள், ஒருக்காக் கதையன்" என்று போனை நீட்டினா. நான் வாங்கவில்லை. கோபிக்காதே பிள்ளை. உன் குரலும் தனுவின் குரலும் சின்ன வயதிலிருந்தே ஒன்றுதான். கதவுக்கு அந்தப் பக்கம் நின்று "சித்தி" என்றால் நீ, "அம்மா" என்றால் அவள். அந்தச் சொல்லை வைத்துத்தான் ஆளைப் பிரிப்பேன். போனில் அந்தக் குரலைக் கேட்க எனக்கு இன்னும் மனம் வரவில்லை. அதனால் கடிதமாக எழுது. முன்பள்ளியில் உங்கள் இரண்டு பேரின் கையையும் பிடித்து எழுதப் பழக்கியவள் நான். உன் எழுத்து எவ்வளவு கோணலாக இருந்தாலும் எனக்கு விளங்கும்.

ஊரில் நாலு பேர் நாலு விதமாய்க் கதைத்திருப்பார்கள். "தனுசியா இருந்திருந்தால் இவளுக்கு அந்த இடம் கிடைச்சிராது" என்று சந்தியில் ஒருத்தி என் காதுபடவே சொன்னாள். அது உண்மைதான். சோதினை எழுதி முடித்த கையோடு டெங்கு அவளைக் கொண்டுபோய்விட்டது. மூன்றரை மாதம் கழித்து முடிவு வந்தபோது உன்னைவிட அவளுக்குத்தான் புள்ளி கூட. அவள் இருந்திருந்தால் சட்டம் படிக்க மாவட்டத்துக்குக் கிடைத்த கடைசி இடம் அவளுடையது. அதற்காக நீ ஒன்றும் பறித்தவள் இல்லை. நிமிர்ந்து நடந்து போ.

எனக்கு எல்லாவற்றையும் எழுது. அறை எப்படி, யன்னலால் என்ன தெரியும், படிப்பிக்கிறவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று. அவள் போயிருந்தால் எனக்கு எப்படி எழுதியிருப்பாளோ அப்படி எழுது.

சித்தப்பா நண்டு வலை போட்டுவிட்டு இப்போதுதான் வந்தார். உன்னை விசாரித்ததாக எழுதச் சொன்னார். நுளம்பு வலை இல்லாமல் படுக்காதே.

அன்புடன்,
சித்தி கேதீஸ்வரி


வெள்ளவத்தை,
16.03.2025

என்றும் அன்புள்ள சித்திக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நான் நல்ல சுகம். சித்தப்பாவின் முழங்கால் வலி குறைந்ததா?

எங்கள் போடிங் கடற்கரை ரயில் பாதைக்கு இந்தப் பக்கம். ரயில் போனால் யன்னல் கண்ணாடி அதிரும். அறையில் மூன்று கட்டில். ஒன்று எனக்கு. ஒன்று ஷெரோனுக்கு, மானிப்பாய்ப் பிள்ளை, அவளும் என்னோடு சட்டந்தான் படிக்கிறாள், நல்லவள். மூன்றாவது கட்டில் வெறுமையாகக் கிடக்கிறது.

படிப்பைப் பற்றிக் கேட்டீர்கள். உங்களுக்குப் பொய் எழுத விருப்பமில்லை. எல்லாம் இங்கிலீசில். முதல் நாள் விரிவுரையாளர் ஒருவர், "சட்டத்தின் கண்ணில் ஒரு ஆள் எப்போது ஆளாக இல்லாமல் போகிறார்?" என்று கேட்டு, விரலை என் பக்கம் நீட்டினார். பதில் தெரியும். சாகும்போது. ஆனால் அதை இங்கிலீசில் சொல்ல வரவில்லை. அப்போது எனக்குப் பின்னாலிருந்து, தமிழில், "எழும்பி நில்லு, நான் சொல்லித் தாறன்" என்று ஒருவர் மெதுவாகச் சொன்னார். திரும்பிப் பார்த்தேன். நான் கடைசி வரிசையில் இருந்தேன், சித்தி. பின்னால் சுவர்தான்.

இன்னொன்று. போடிங்கை நடத்துகிற சிசிலியா அன்ரி முதல் நாள் மத்தியானம் மேசையில் மூன்று சோற்றுக் கோப்பை வைத்தா. நாங்கள் இரண்டு பேர் மட்டும் போய் இருந்ததும், "உம்மோடை வந்த மற்றப் பிள்ளை சாப்பிட வரேல்லையோ?" என்று என்னைக் கேட்டா. என்னோடு ஒருவரும் வரவில்லை என்றேன். "படியேறேக்கை பார்த்தனான், உம்மடை பையிலை ஒரு பக்கம் பிடிச்சுக்கொண்டு வந்தவள்" என்றா. வயதான மனுசி, கண் தெரியாது போல.

அம்மாவுக்கு இதெல்லாம் சொல்லவேண்டாம். பயந்துவிடுவா.

அன்புள்ள பெறாமகள்,
நிவேதனா


கொழும்புத்துறை,
30.03.2025

அன்புள்ள பெறாமகளுக்கு,

நாங்கள் சுகம், உன் சுகத்துக்கும் குறைவிருக்கக்கூடாது என்று பிள்ளையாரைக் கும்பிட்டுக்கொண்டு எழுதுகிறேன்.

உன் கடிதத்தைப் பல தடவை வாசித்தேன். ஒரு விசயம் கேட்கவேண்டும். சிசிலியா அன்ரி கண்ட அந்தப் பிள்ளை என்ன நிறத்தில் உடுத்தியிருந்தாள்? கேட்டு எழுது. சும்மாதான் கேட்கிறேன்.

மற்றது, வகுப்பில் யாராவது சொல்லித் தருகிறேன் என்றால் பயப்படாதே. உதவி செய்ய வருகிறவர்களைத் துரத்தக்கூடாது. எழும்பி நின்று பார்.

அந்த மூன்றாவது கட்டிலுக்கு விரிப்பு இருக்கிறதா? இல்லாவிட்டால் என்னிடம் ஒன்று இருக்கிறது, அனுப்புகிறேன்.

அன்புடன்,
சித்தி


வெள்ளவத்தை,
27.04.2025

அன்புள்ள சித்திக்கு,

வருசப்பிறப்புக்கு வீட்டுக்கு வராததை மன்னியுங்கள். படிக்க நிறைய இருக்கிறது. நான் சுகம். இடைக்கிடை காய்ச்சல் காய்கிறது, அது இந்த வெயிலுக்கு எல்லோருக்கும் காய்கிறது.

நீங்கள் அனுப்பிய விரிப்பு வந்தது. மூன்றாவது கட்டிலுக்கு விரித்துவிட்டேன். காலையில் பார்த்தால் அது கசங்கியிருக்கிறது. ஷெரோன் என்னைச் சொல்கிறாள், நான் ஷெரோனைச் சொல்கிறேன்.

ஒரு சந்தோசமான செய்தி. வகுப்பில் வைத்த முதல் சோதினையில் எனக்கு நூற்றுக்கு இருபத்தொன்பது. உங்களுக்கு எழுத வெட்கமாக இருந்தது. இரண்டாவதில் எழுபத்தெட்டு! வகுப்பிலேயே மூன்றாமிடம். விரிவுரையாளர் என்னைக் கூப்பிட்டு, யாழ்ப்பாணத்தில் எந்தப் பள்ளிக்கூடத்தில் இவ்வளவு நல்ல இங்கிலீசு படித்தாய் என்று கேட்டார். என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. ஷெரோன் சொல்கிறாள், நான் கனநேரம் நின்று சிரித்துச் சிரித்து இங்கிலீசில் கதைத்தேனாம்.

நீங்கள் எழுதியபடி எழும்பி நின்று பார்த்தேன், சித்தி. ஒருமுறைதான். அதற்குப் பிறகு நானாக எழும்பவேண்டிய தேவை வரவில்லை.

நிறம் கேட்டீர்கள். இளம்பச்சைச் சுரிதாராம். மார்பில் வெள்ளை நூலால் பூ வேலையாம்.

அன்புள்ள,
நிவே


கொழும்புத்துறை,
08.05.2025

அன்பான பிள்ளைக்கு,

இந்தக் கடிதம் உன்னைச் சுகத்தோடு காணட்டும். எனக்கு இரண்டு நாளாக நித்திரையில்லை, ஆனால் வருத்தம் ஒன்றுமில்லை.

இளம்பச்சைச் சுரிதார். அவளைக் குளிப்பாட்டி நான் உடுத்திவிட்டது அதுதான். பெட்டியை மூடும்வரை அந்த வெள்ளைப் பூக்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன பிறகுதான் தைத்து வந்த உடுப்பு. உயிரோடு அவள் அதைப் போடவேயில்லை. செத்தவீட்டுக்கு நீயும் வரவில்லை, உனக்கும் அப்போது காய்ச்சல். உனக்கு அது தெரிய நியாயமில்லை.

உன் எழுத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். உன் எழுத்து இடப்பக்கம் சரிந்து, ஒன்றில் ஒன்று முட்டிக்கொண்டிருக்கும். நீ அனுப்பிய இந்தக் கடிதத்தில் முதல் பக்கம் அப்படித்தான். இரண்டாம் பக்கம் நிமிர்ந்து நிற்கிறது. "ழ"வின் வாலை அடுத்த எழுத்துக்குக் கீழே வரைக்கும் இழுத்திருக்கிறாய். அப்படி இழுக்காதே என்று நான் தடியெடுத்துச் சொல்லியும் கேட்காத பிள்ளை ஒன்றுதான்.

அக்காவிடம் காட்டவில்லை. கடிதத்தைச் சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். இன்னும் எழுது. நிறைய எழுது.

சித்தி


வெள்ளவத்தை,
01.06.2025

அம்மா,

சுகமா என்று கேட்டு எழுதவில்லை. சுகமில்லை என்று எனக்குத் தெரியும். இரவில் சாப்பிடாமல் படுக்கிறீர்கள். அப்பா வலை பொத்துகிற சாட்டில் முற்றத்தில் இருந்துவிடுகிறார். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை.

எனக்கு இங்கே நல்ல சந்தோசம். போன கிழமை மூட் கோட். கோட்டில் வழக்குப் பேசுவது போலவே கறுப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு, நீதவான் மாதிரி இருக்கிற ஒரு சேருக்கு முன்னால் வாதாடவேண்டும். எனக்கு வந்த வழக்கு இதுதான்: செத்துவிட்டான் என்று பதிந்த ஒரு மனுசன் திரும்பி வந்து தன் வீட்டைக் கேட்கிறான். வீட்டில் இப்போது வேறு ஆட்கள். நான் அந்த மனுசனுக்காக வாதாடினேன். "பதிந்தபடியால் அவன் இல்லாமல் போகவில்லை, மை லோர்ட். அவன் இதோ நிற்கிறான். அவனது இடத்தில் யார் இருந்தாலும் எழும்பவேண்டும்" என்றேன். வென்றுவிட்டேன்! எல்லோரும் கை தட்டினார்கள்.

நிவே பாவம். அவளுக்கு இந்தப் படிப்பு ஏலாது. கொஞ்சங் கொஞ்சமாகக் களைத்துப்போகிறாள். நித்திரை கொள்ளட்டும் என்று விட்டிருக்கிறேன்.

ஒன்று கேட்கவேண்டும் என்று இருந்தேன். வார்ட்டில் நீங்கள் எனக்கு அந்த நல்ல செய்தியைச் சொன்னபோது ஏன் அழுதீர்கள்? பக்கத்துக் கட்டில் மனுசிகூட நித்திரை. நீங்களும் நானும் மட்டுந்தான். சந்தோசத்தில் அழுகிறீர்கள் என்றுதான் அப்போது நினைத்தேன்.

உங்கள் மகள்


கொழும்புத்துறை,
10.06.2025

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நான் சாப்பிடுகிறேன். நீ சொன்ன பிறகு இரவிலும் சாப்பிடுகிறேன்.

உடம்பு இப்போதும் நோகிறதா? தலையிடி இருக்கிறதா? கண்ணுக்குப் பின்னால் குத்துகிறது என்று சொல்லுவாயே, அது விட்டுவிட்டதா? அங்கே உனக்குத் தலை வாரி இழுத்துவிட ஆர் இருக்கிறார்கள்?

கறுப்புக் கோட்டில் உன்னைக் காண எனக்குக் கொடுத்துவைக்கவில்லை. ஒரு படம் எடுத்து அனுப்பு. போகாதே. படித்து முடி. நான் ஒருவருக்கும் சொல்லமாட்டேன்.

அன்பு முத்தங்களுடன்,
அம்மா


வெள்ளவத்தை,
06.07.2025

மதிப்புக்குரிய அன்ரிக்கு,

வணக்கம். நான் ஷெரோன், நிவேதனாவின் அறைத்தோழி. நீங்கள் நலமாக இருக்கவேண்டும் என்று ஆண்டவரை மன்றாடுகிறேன். உங்களைத் தெரியாமல் எழுதுவதற்கு மன்னிக்கவேண்டும். கடித உறையில் விலாசம் எடுத்தேன்.

நிவே தன் அம்மாவுக்குச் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். உங்களுக்குச் சொல்லக்கூடாது என்று வாங்கவில்லை.

அன்ரி, அவள் நன்றாக மெலிந்துபோனாள். வியாழக்கிழமைகளில் காய்ச்சல் வருகிறது. கைகளில் சிவப்புப் புள்ளிகள். பல் முரசால் இரத்தம் கசிகிறது. இரண்டு தரம் இரத்தம் சோதித்தோம். "டெங்கு இல்லை, எல்லாம் சரியாயிருக்கு" என்று டொக்டர் சொல்லி அனுப்பிவிட்டார். இப்போது அவள் தன் கட்டிலில் படுப்பதில்லை. மூன்றாவது கட்டிலில்தான் படுக்கிறாள். வகுப்பில் அவள்தான் இப்போது முதலாவது. எல்லோரும் அவளிடம் நோட்ஸ் கேட்கிறார்கள். ஆனால் "நிவே" என்று கூப்பிட்டால் திரும்புவதில்லை. போன திங்கட்கிழமை தோளில் தொட்டுக் கூப்பிட்டேன். என்னைப் பார்த்துச் சிரித்து, "அவள் நித்திரை. ஏதும் சொல்லவேணுமெண்டால் என்னட்டைச் சொல்லும்" என்றாள். மத்தியான வெயிலில், சனம் நிறைந்த பஸ்ஸில் நின்றுகொண்டு.

நேற்றுக் காலை முகம் கழுவிக்கொண்டிருந்தவள் திடீரென்று என் கையை இறுக்கிப் பிடித்தாள். அது நிவேதான், அன்ரி. குரல் ஒன்றாக இருந்தாலும் எனக்குத் தெரிந்தது. "ஷெரோன், சித்திக்கு எழுது" என்று அழுதாள்.

"என்னெண்டு எழுத?" என்றேன்.

"அவள் கெட்டவள் இல்லை. போகத்தான் பார்க்கிறாள். சித்தி விடுறா இல்லை. சித்தி கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறா. எனக்கு இடமில்லாமல் போகுது, ஷெரோன். என்ரை கையைக் காலை எனக்குத் தேடவேண்டியிருக்கு."

அவ்வளவுதான் சொன்னாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஒன்றும் நடக்காதது போல எனக்கு இங்கிலீசில் காலை வணக்கம் சொன்னாள்.

அவளின் தலையணைக்குக் கீழே உங்கள் கடிதம் இருந்தது. வாசித்துவிட்டேன். அதில் நிவேயைப் பற்றி ஒரு வரிகூட இல்லை, அன்ரி.

தாமதிக்காமல் ஏதாவது செய்யுங்கள்.

இப்படிக்கு,
ஷெரோன்


கொழும்புத்துறை,
14.07.2025

அன்பான ஷெரோன் பிள்ளைக்கு,

நீ நன்றாயிருக்கவேண்டும். உன் கடிதம் வந்து மூன்று நாள் நான் எழும்பவில்லை. நீ எழுதிய அந்தக் கடைசி வரி சரி. இதற்குக் கீழே இருப்பதை ஒரு பகல் நேரத்தில், அவளுக்கு முன்னால் இருந்து, சத்தமாக வாசி. இடையில் அவள் என்ன சொன்னாலும் நிறுத்தாதே.

என் வயிற்றில் பிறந்த தனுவுக்கு,

அம்மா எழுதுகிறேன். வார்ட்டில் நான் ஏன் அழுதேன் என்று கேட்டாய். சொல்கிறேன்.

அன்று வியாழக்கிழமை. டொக்டர் என்னை வெளியே கூப்பிட்டுக் கதைத்துவிட்டார். நான் உள்ளே வந்தபோது உன் முரசால் இரத்தம் வடிந்துகொண்டிருந்தது. என் கையைப் பிடித்து, "அம்மா, றிசல்ற்ஸ் வந்திட்டுதே?" என்றாய். சோதினை எழுதி ஒரு மாதங்கூட ஆகவில்லை. "ஓம் பிள்ளை, வந்திட்டுது. நீ கொழும்புக்குச் சட்டம் படிக்கப் போறாய்" என்றேன். உன் முகம் தெளிந்தது. "எப்ப போறது?" என்றாய்.

"இப்பவே வெளிக்கிடு" என்றேன்.

உனக்கு இனி நோகக்கூடாது என்றுதான் அப்படிச் சொன்னேன், மகள். நீயோ சொன்னதைக் கேட்டு வெளிக்கிட்டுவிட்டாய். நான்தான் உன்னை அங்கே அனுப்பினேன். நிவேயின் பையில் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு நீ படியேறியதற்கு நான்தான் காரணம். பிறகு கடிதம் எழுதி எழுதி உன்னை அங்கேயே இருத்தியவளும் நான்தான்.

றிசல்ற்ஸ் பிறகு உண்மையாகவே வந்தது. நீ பாஸ். நல்ல பாஸ். மூட் கோட்டிலும் வென்றாய். இனி ஒருவரும் உன்னைக் கெட்டிக்காரி இல்லை என்று சொல்ல ஏலாது. ஆனால் அந்தக் கதிரை மூச்சு விடுகிற பிள்ளைக்கு உரியது. நீ பட்ட காய்ச்சல் இப்போது அவளின் உடம்பில் காய்கிறது. அது எப்படி நோகும் என்று உனக்குத் தெரியும். அக்காவுக்கும் ஒரு பிள்ளைதான்.

அவளை விட்டுவிடு. ரயிலில் ஏறவேண்டாம், பஸ்ஸில் ஏறவேண்டாம், வந்த மாதிரியே வா. பின்னறையைக் கூட்டி, உன் மேசையைத் துடைத்து வைத்திருக்கிறேன். படிக்க விருப்பமென்றால் இங்கே இருந்து படி.

வீட்டுக்கு வா, பிள்ளை.

அம்மா


வெள்ளவத்தை,
24.08.2025

அன்புள்ள சித்திக்கு,

நான் சுகம். இந்த முறை உண்மையாகவே சுகம். நீங்களும் சித்தப்பாவும் எப்படி இருக்கிறீர்கள்?

என் எழுத்தைப் பார்த்தாலே உங்களுக்குத் தெரியும். பழையபடி கோணல்.

ஷெரோன் கடிதத்தை வாசித்தது எனக்குத் தூரத்திலிருந்து கேட்டது, கிணற்றுக்குள் நிற்கிறவருக்கு மேலே கதைக்கிறது கேட்குமே, அப்படி. "இப்பவே வெளிக்கிடு" என்ற இடத்தில் என் வாய் "ஓம்" என்றதாம். பிறகு நான் குலுங்கிக் குலுங்கி அழுதேனாம். அழுதது நானில்லை. அது முடிந்து, நான் படுத்து எழும்பியபோது என் கை என் கையாக இருந்தது. பசித்தது. அவ்வளவு பசி. சிசிலியா அன்ரியிடம் இரண்டாந்தரம் சோறு கேட்டு வாங்கினேன். மேசையில் இரண்டு கோப்பைதான் இருந்தது. "மற்றப் பிள்ளை பயணமோ? ஒரு சொல்லுச் சொல்லாமல் படியிறங்கிப் போனாள். நல்ல பிள்ளை, கும்பிட்டிட்டுத்தான் போனவள்" என்றா.

அரையாண்டுச் சோதினை முடிந்தது. ஒப்பந்தச் சட்டத்தில் பெயில் ஆவேன் போலிருக்கிறது. கேள்வி விளங்கியது, எழுத இங்கிலீசு போதவில்லை. மறுபடி எழுதலாமாம். மற்றவை எப்படியும் தப்பிவிடும். மூட் கோட்டுக்கு வந்த சேர் என்னை வழியில் கண்டு, அடுத்த போட்டிக்கும் பெயர் கொடுக்கச் சொன்னார். "அது நானில்லை, சேர்" என்று சொல்லிவிட்டேன். தன்னடக்கம் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டு போனார்.

போன கிழமை வகுப்பில் நானாக எழும்பி ஒரு கேள்விக்குப் பதில் சொன்னேன். மூன்று பிழை விட்டேன். பின் வரிசையில் ஒருத்தி சிரித்தாள். அப்படியும் கதிரையில் இருந்துவிடவில்லை. முழுவதையும் சொல்லி முடித்தேன்.

இந்த இடத்தை விட்டுவிட்டு ஊருக்கு வரலாமா என்று யோசித்தேன், சித்தி. விடவில்லை. இருக்கப் போகிறேன். மெதுவாகத்தான் வரும்.

அவள் போன பிறகு அறை விசாலமாக இருக்கிறது. சில நேரம் அது எனக்குக் கவலையாகவும் இருக்கிறது. இரண்டு பேரும் ஒரு மேசையில் இருந்து படித்தவர்கள்தானே. அவள் வந்து சேர்ந்தாளா என்று கேட்க எனக்குத் துணிவில்லை.

அன்புள்ள பெறாமகள்,
நிவேதனா


கொழும்புத்துறை,
07.09.2025

அன்புள்ள பெறாமகள் நிவேதனாவுக்கு,

உன் கோணல் எழுத்தைக் கண்டு கண்ணில் ஒற்றிக்கொண்டேன். நாங்கள் சுகம். ஒப்பந்தச் சட்டம் போனால் போகட்டும், மறுபடி எழுது. நானும் முன்பள்ளி ஆசிரியைச் சோதினை இரண்டாந்தரம்தான் பாஸ் பண்ணினேன். நீ நன்றாய்ச் சாப்பிடு. நீ உன் வாயால் பேசி மூன்று பிழை விட்டதுதான் எனக்குப் பெரிய செய்தி.

நீ கேட்கத் துணியாததற்குப் பதில் எழுதுகிறேன். வந்துவிட்டாள்.

கடிதம் அனுப்பிய அடுத்த கிழமை, முன்பள்ளி முடிந்து மத்தியானம் வீட்டுக்கு வந்தேன். சித்தப்பா எனக்கு முன்னமே கரைக்கு வந்துவிட்டார். நண்டுக் கூடையைக் கையில் வைத்தபடி முற்றத்தில் நின்றார். இறக்கி வைக்கவில்லை.

"நிவே எப்ப வந்தவள்?" என்றார்.

"நிவே வரேல்லையே" என்றேன்.

"அப்ப உள்ளை இருந்து இங்கிலீசிலை வாசிக்கிறது ஆர்?"

எனக்கும் கேட்டது. பின்னறையில், படிக்கிற பிள்ளை சத்தமாக வாசித்துப் பாடமாக்குமே, அந்த மாதிரி. அவர் என் முகத்தைப் பார்த்தார். ஒன்றரை வருடத்துக்குப் பிறகு நேராகப் பார்த்தார். பிறகு கூடையை இறக்கிவிட்டு, காலையில் போட்டது போட்டபடி திண்ணையில் பாடிக்கொண்டிருந்த ரேடியோவைப் போய் நிற்பாட்டினார். "பிள்ளை படிக்கட்டும்" என்றார். அன்றிலிருந்து வீட்டில் ரேடியோ போடுவதில்லை. இரண்டு பேரும் ஒன்றாயிருந்து சாப்பிடுகிறோம்.

பயப்படும்படி ஒன்றுமில்லை. தேத்தண்ணி வைத்தால் ஆறிக் கிடக்கும், அவ்வளவுதான். நீ லீவுக்கு வரும்போது அக்கா வீட்டில் நில். எங்கள் பக்கம் வரவேண்டாம். நானே வந்து உன்னைப் பார்க்கிறேன். கோபத்தில் சொல்லவில்லை, உனக்கு விளங்கும்.

ஒரு உதவி செய். அவள் இவ்வளவு நாளும் வாசிப்பது ஒரே பாடந்தான். எனக்கு இங்கிலீசு தெரியாது, ஆனால் ஓசை பிடிபட்டுவிட்டது. ஓரிடம் வரைக்கும் போகிறாள், நிற்கிறாள், திரும்பவும் முதலில் இருந்து தொடங்குகிறாள். அதற்கு அங்கால் அவளிடம் இல்லை. அடுத்த அரையாண்டு நோட்ஸ் எழுத எழுத ஒரு போட்டோக் கொப்பி அடித்து எனக்குத் தபாலில் அனுப்பு. எழுத்துக் கோணலாக இருந்தாலும் பரவாயில்லை.

கொஞ்சம் கெதியாய் அனுப்பு, பிள்ளை. நேற்றுப் பின்னேரம் வாசிப்பு நின்றது. குசினி வாசலில் வந்து நின்று, கொழும்பு பஸ் எத்தனை மணிக்கு வெளிக்கிடும் என்று கேட்டாள். எனக்குத் தெரியாது என்று சொல்லியிருக்கிறேன்.

அன்புடன்,
சித்தி கேதீஸ்வரி